மூன்றாம் வாய்க்கால் உபயம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வேலையிலும் எனக்கு அதுதான் பழக்கம்.

1. குளக்கட்டு வீதியில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தேன். வலது கீழ்க்கால் எலும்பு முறிந்தது. தகடு வைத்து ஆறு ஆணி பூட்டினார்கள்.
2. வலிக்கு இரண்டு கிழமைக்கு, பதினான்கு நாளுக்கு, குளிசை தந்தார்கள். நான் அதைப் பதினான்கு மாதம் போட்டேன்.
3. துருசடியில், அதாவது குளத்து மதகடியில், மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து விழுந்தேன்.
4. பதினொரு நாள் வைத்தியசாலையில் இருந்தேன்.
5. அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் கிளினிக், பன்னிரண்டு கிழமைக்கு. சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வந்தால் ஒரு வாளிக்குள் கைவிட்டுப் பரிசுத் துண்டு எடுக்கலாம்.
6. நாலாம் கிழமை தவறினேன்.
7. ஏழாம் கிழமை, பரிசுக்கான பணம் முடிந்துவிட்டது என்றார்கள்.
8. எங்கள் பிள்ளையார் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று கதைத்தேன்.

இந்த எட்டிலும் அதிகம் பயந்தது எட்டாவதுக்குத்தான்.

நான் நீர்ப்பாசன அலுவலகமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வாய்க்கால், துருசு, குளக்கட்டு ஆகியவற்றை அளந்து எது எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது என்று எழுதுவது என் வேலை. வீடு துணுக்காய்ப் பக்கம், ஒரு குளத்தின் கீழே குடியேற்றிய காணியில். அப்பா நெல் விதைக்கிறார். நான் ஒரே பிள்ளை.

முதலில் குளிசையைப் பற்றிச் சொல்லவேண்டும். அதன் பெயர் ட்ரமடோல். அபினிலிருந்து வந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த வலிநிவாரணி. ஹெரோயினும் அதே குடும்பம்தான். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில நாட்களுக்கு அது நல்ல மருந்து, அதில் எனக்கு இன்றைக்கும் ஐயமில்லை. சில நாட்களுக்குப் பிறகும் விடாமல் போட்டால், வலியை மறைக்கும் வேலையை உடம்பு மறந்து அந்தக் குளிசையிடமே ஒப்படைத்துவிடுகிறது. பிறகு குளிசை இல்லாவிட்டால் முறியாத காலும் நோகும்.

எனக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்று வைத்தியர் கேட்டார். பாதி மருந்துக்கடையில். மீதி எங்கள் வீட்டில், அயல் வீடுகளில். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் இடம்பெயர்ந்து திரிந்த எல்லா வீட்டிலும் ஒரு பால்மா ரின், பழைய தகர டப்பா, இருக்கும். அதற்குள் மிஞ்சின குளிசைகள் எல்லாம் இருக்கும். ஆருக்கோ எப்போதோ எழுதிக் கொடுத்தவை. காய்ச்சலுக்கு, வயிற்றுக்கு, பல்லுக்கு, வலிக்கு. ஒரு பனடோலுக்கு அலைந்த சனம் குளிசையை எறியாது. "காலுக்குத் தாங்கேலாமல் கிடக்கு மாமி" என்று நான் நொண்டிக்கொண்டு போனால், ரின்னைத் திறந்து பச்சையும் மஞ்சளுமான அந்தக் கப்சூலைத் தேடி எடுத்துத் தருவார்கள். மனமாரத் தந்தார்கள்.

அன்று வலிப்பு வந்தது காலை பத்து மணியிருக்கும். முக்காலியில் மட்டமானியை வைத்துக் குனிந்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு வாகனத்தின் கூரை. நாக்குக் கடிபட்டு வாய் முழுக்க இரத்தச் சுவை. என்னுடன் வேலை செய்யும் இரண்டு பேர் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மட்டமானியையும் மறக்காமல் ஏற்றியிருந்தார்கள். அதைக் கண்டபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

வைத்தியசாலையில் முதல் இரண்டு நாளும் சோதனைகள். மூளைக்கு ஸ்கான் எடுத்தார்கள். தலை முழுக்கக் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். கண்ணை மூடியபடி படுத்திருந்தால் போதும், நோகாது. வரிசைதான் நீளம். சுவர் ஓரமாகப் போட்ட கதிரைகளில் ஒவ்வொருவராக நகர்ந்து நகர்ந்து கதவுக்குக் கிட்டப் போகவேண்டும். அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. ஆனால் வாகனக்கூலி, கடைச் சாப்பாடு, அப்பா வயலுக்குப் போகாத நாட்கள் என்று எல்லாவற்றுக்கும் செலவு இருந்தது. பெண்கள் வாட்டில் ஆண்கள் இருக்கக்கூடாது என்பதால் அப்பா வெளியே வேப்பமரத்தின் கீழ் இருந்தார். பார்வை நேரத்துக்கு மணி அடிக்கமுன்பே வாசலில் நிற்பார். உள்ளே வந்ததும் என் செருப்பைக் கட்டிலுக்குக் கீழே நேராக வைப்பார். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்.

மூன்றாம் நாள் வைத்தியர் வந்து கட்டிலடியில் நின்றார்.

"மூளையில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் ஏதாவது குளிசை எடுக்கிறனீங்களோ?"

"காலுக்கு எடுக்கிறனான்."

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"நாலு."

அவர் எழுதத் தொடங்கினார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என்னோடு வாட்டில் தங்கியிருந்த அம்மாவிடம் என் வேலைப் பையை எடுக்கச் சொல்லி, மட்டப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அங்கே ஒவ்வொரு நாளுக்கும் கோடு கீறி வைத்திருந்தேன். தொடக்கத்தில் நாளுக்கு மூன்று கோடு. கடைசி வாரத்தில் பதினொன்று.

வைத்தியர் பக்கங்களைப் பின்னாலிருந்து புரட்டினார்.

"அப்ப ஏன் நாலு எண்டு சொன்னனீங்கள்?"

"வாயால பொய் சொல்லுப்பட்டிட்டுது டொக்டர். புத்தகத்தில எழுத வரேல்லை."

அவர் சிரித்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து விளக்கினார். அந்தக் குளிசையை அதிக அளவில் எடுத்தால் வலிப்பு வரலாம். பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினாலும் உடம்பு குழம்பும், சிலருக்கு வலிப்பும் வரலாம். ஆகவே வாட்டில் வைத்து, பார்த்துப் பார்த்துக் குறைக்கவேண்டும். இது ஒழுக்கக் குறை இல்லை, நோய் என்றார். "நீரிழிவு மாதிரித்தான். வெக்கப்பட்டால் குறையாது."

அம்மா அவ்வளவு நேரமும் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் போனபிறகு சொன்னார்: "நான் உது ஏதோ வாய்க்கால் கணக்கெண்டு நினைச்சன் பிள்ளை."

குறைத்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. மூக்கு ஓடியது. கொட்டாவி வந்துகொண்டே இருந்தது, நித்திரை வரவில்லை. மயிர்க்கூச்செறிந்தபடி தோல் ஈரமாக இருந்தது. வயிறு கழன்றது. கால்கள் தாமாகவே உதைந்தன. அம்மா கட்டிலின் ஓரத்தில் இருந்து, இரண்டு காலையும் தன் மடியில் போட்டு, முறிந்த காலைப் பூவைப்போலவும் மற்றக் காலை மா குழைப்பதைப்போலவும் பிடித்துவிட்டார். ஏழாம் நாள் எனக்குப் பசித்தது. பிட்டும் சம்பலும் கேட்டேன். அம்மா அழுதுகொண்டே போய் வாங்கிக்கொண்டு வந்தார். கடைப்பிட்டு கல்லுப்போல இருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.

பதினோராம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றபோது, கிளினிக்கை நடத்தும் தாதி வந்தா. எல்லாரும் அவாவை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். உயரமானவா, வேகமாக நடப்பவா, ஆனால் கதைக்கும்போது அவசரப்படமாட்டா. கையில் ஒரு பழைய ஐஸ்கிறீம் வாளி.

"வாட்டில விடுறது சுகம், தங்கச்சி. வீட்டை போய்த்தான் கஷ்டம். அதுக்குத்தான் இது."

ஏற்பாடு இதுதான். கிழமைக்கு இரண்டு தரம் வந்து சிறுநீர் கொடுக்கவேண்டும். ஒரு சிறிய பட்டியை அதில் தோய்ப்பார்கள். இரண்டு கோடு வந்தால் உடம்பில் மருந்து இல்லை. ஒரு கோடு வந்தால் இருக்கிறது. இரண்டு கோடு வந்த உடனேயே, அந்த இடத்திலேயே, வாளிக்குள் கைவிட்டு ஒரு துண்டு எடுக்கலாம். அடுத்த தரமும் சுத்தமென்றால் இரண்டு துண்டு. அதற்கடுத்து மூன்று, இப்படிப் பத்துவரைக்கும். தவறினால் திட்டமாட்டார்கள், ஆனால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். பாதித் துண்டுகளில் "நன்று" என்று மட்டும் எழுதியிருக்கும். மற்றவற்றில் சவர்க்காரம், தேயிலை, குடை, சாப்பாட்டுப் பெட்டி. ஒரே ஒரு துண்டில் பிரஷர் குக்கர்.

எனக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகப் பட்டது. சொன்னேன்.

"ஓம், விளையாட்டுத்தான்" என்றா மிஸி. "குளிசை போட்டால் அரை மணித்தியாலத்தில சுகம் தருது. போடாமல் விட்டால் சுகம் எப்ப வரும்? ஆறு மாதம், ஒரு வருசம். அதுவரைக்கும் உங்கட மூளை ஆற்ர பேச்சைக் கேக்கும்? அதுக்கு இண்டைக்கே ஏதாவது குடுக்கவேணும். சவர்க்காரமெண்டாலும்."

முதல் செவ்வாய்க்கிழமை எனக்கு இரண்டு கோடு. எடுத்த துண்டில் "சவர்க்காரம்". இரண்டு பஸ் மாறி அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் நின்ற அப்பாவிடம் நீட்டியபோது, என் தொழில்நுட்பச் சான்றிதழை வாங்கிய அன்றைப்போலவே இரண்டு கையாலும் வாங்கினார். அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகவில்லை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர் செபமாலை அண்ணை. முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடல்தொழில். தூள் பழக்கத்துக்காக வந்தவர். தூள் என்றால் ஹெரோயின். நாற்பது வயதிருக்கும். முதல்நாள் தன் சோதனைப் பட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மிஸி, எனக்கு ரெண்டு கோடு. பிள்ளை பெட்டையோ பெடியனோ?"

மிஸி சிரிப்பை அடக்க மேசை லாச்சியைத் திறந்து மூடினா. அண்ணை வாளிக்குள் கைவிட்டார். "நன்று." அடுத்த தரம் இரண்டு துண்டு, இரண்டும் "நன்று". அதற்கடுத்து மூன்றும்.

"கடலிலயும் எனக்கு உதுதான். வலை நிறைய நன்று."

ஆனாலும் அவர் வந்தார். ஒரு நாளும் தவறவில்லை. "ஏனண்ணை, உங்களுக்குத்தான் ஒண்டும் விழேல்லையே?" என்று கேட்டேன். "அடுத்த தரம் விழும் எண்டுதான் தங்கச்சி வாறன். மீனுக்கும் அப்பிடித்தானே போறது" என்றார்.

நாலாம் கிழமை நான் தவறியது இப்படி. கால் உளைந்தது, மழைக்காலம். அரிசி எடுக்க அம்மாவின் பெரிய பெட்டகத்தைத் திறந்தேன். அரிசிக்குள் கை போனபோது தகரம் தட்டுப்பட்டது. பால்மா ரின். நான் வாட்டில் இருந்தபோதே அதை எறிந்துவிட்டதாக அம்மா சொல்லியிருந்தார். திறந்தேன். பச்சையும் மஞ்சளுமாக நாலு கப்சூல் இருந்தன. இரண்டைப் போட்டேன். ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை என்பதை இங்கே எழுதவேண்டும், ஏனென்றால் யோசித்துத்தான் தவறுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்.

அடுத்த கிளினிக்கில் ஒரு கோடு. அதுவரை ஏழு துண்டு எடுக்கும் நிலைக்கு வந்திருந்தேன். மிஸி பட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "சரி. வெள்ளிக்கிழமை வாங்கோ, ஒண்டில இருந்து தொடங்குவம்" என்றா. அவ்வளவுதான். பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. குளிசைக்காக அழவில்லை. கையில் இருந்த ஏழு துண்டு போய்விட்டதே என்று அழுதேன். அந்த வாளி வேலை செய்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டில் அம்மாவிடம் ரின்னைப் பற்றிக் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை.

"எறிய மனம் வரேல்லை பிள்ளை" என்றார். "இடம்பெயர்ந்து திரியேக்கை உனக்குக் காய்ச்சல். கூடாரத்தில ஆரிட்டயும் ஒரு குளிசை இல்லை. பக்கத்துத் தறப்பாளுக்கை இருந்த மனிசி தன்ர சீலைத் தலைப்பில முடிஞ்சு வைச்ச அரைவாசிப் பனடோலைத் தந்தது. அதுக்குப் பிறகு ஒரு குளிசையும் நான் எறியேல்லை."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அம்மாவும் என்னோடு பஸ் ஏறினார். மடியில் ரின். மிஸியின் மேசையில் அதைக் கவிழ்த்துக் கொட்டினார். திகதி முடிந்த குளிசைகள், பெயர் அழிந்த அட்டைகள், பிளந்த துண்டுகள் என்று ஒரு குவியல். மிஸி எல்லாவற்றையும் எடுத்து, வைத்தியசாலை மருந்தகத்தில் அழிப்பதற்குக் கொடுத்தா. வெறும் ரின்னை அம்மா திரும்ப வாங்கிக்கொண்டார். "இது நல்ல ரின்" என்றார். இப்போது அதற்குள் பாகல் விதை இருக்கிறது.

நான் ஒன்றிலிருந்து ஏறி மறுபடி ஐந்துக்கு வந்தபோதுதான் ஏழாம் கிழமை வந்தது. அன்று மிஸி எங்களை ஒன்றாக இருத்திச் சொன்னா. பரிசுகளுக்கும் சோதனைப் பட்டிகளுக்கும் பணம் தந்தது வெளிநாட்டிலுள்ள ஒரு சங்கம். ஆறு மாதத்துக்கென்று தந்தார்கள், ஆறு மாதமும் முடிந்துவிட்டது. நீட்டித் தரக் கேட்டபோது, பரிசு வாங்குபவர்களின் படங்களைக் கேட்டார்கள். தங்கள் நிகழ்வில் காட்டுவதற்கு. வைத்தியர் மறுத்துவிட்டார். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த வருடப் பணத்தை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், அதுவும் நல்ல வேலைதான்.

"பட்டிக்கு வைத்தியசாலை நலன்புரிச் சங்கம் பாக்கும். வாளிக்குள்ள இருக்கிற சாமான் இன்னும் நாலு தரத்துக்குக் காணும்" என்றா மிஸி. "அதுக்குப் பிறகும் கிளினிக் இருக்கும். வாளிதான் இராது."

செபமாலை அண்ணை நிலத்தைப் பார்த்தபடி, "அப்ப குக்கர் ஆருக்கு?" என்று கேட்டார். அந்த நேரம் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. ஒரு பட்டியல் போட்டேன். வாளி இல்லாமல் நான் தாக்குப்பிடிப்பதற்கான காரணங்கள் இடப்பக்கம், பிடிக்கமாட்டேன் என்பதற்கானவை வலப்பக்கம். வலப்பக்கம் நீளமாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து கேட்டார்: "ஒரு மாதத்துக்கு என்ன சாமான் வேணும்?"

சொன்னேன். இருபது சவர்க்காரம், பத்துத் தேயிலைப் பக்கெற், நாலைந்து குடை, அப்படி.

"இவ்வளவுதானோ? இது ஒரு உபயத்துக்குப் போற செலவில கால்வாசியும் வராது."

எங்கள் கோயில் திருவிழா வாய்க்கால் வாரியாக நடக்கும். குளத்திலிருந்து ஒன்பது வாய்க்கால் பிரிகிறது. ஒவ்வொரு வாய்க்காலிலும் தண்ணீர் எடுக்கும் குடும்பங்கள் சேர்ந்து ஒரு நாள் திருவிழாவை ஏற்று நடத்தும். அது அந்த வாய்க்காலின் உபயம். பட்டியல் எழுதுவது அப்பா. அடுத்த ஞாயிறு உபயகாரர் கூட்டம்.

"உன்ர பேர் சொல்லமாட்டன்" என்றார் அப்பா. "ஆசுப்பத்திரியில கொஞ்ச நோயாளியள் எண்டு மட்டும்."

அம்மா குசினிக்குள் இருந்து வந்தார். "சொல்லவே வேண்டாம். நெடுங்கேணியில இருந்து பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு ஒண்டு வந்து கிடக்கு. அவைக்கு ஒரு மணம் போனால் காணும்."

"பேர் சொல்லேல்லையே அப்பா" என்றார் அப்பா. எங்கள் பக்கம் புருசனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கூட்டம் அன்னதான மடத்தில். அப்பா விசயத்தைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த தவராசா மாமா எழும்பினார். மூன்றாம் வாய்க்காலின் தலைவர். அவருக்கு ஒலிவாங்கி தேவையில்லை.

"அண்ணை, எனக்கு விளங்கேல்லை. போதை எடுக்கிறவன் எடுக்காமல் இருக்கிறதுக்குப் பரிசோ? என்ர பெடியன் பிறந்த நாளில இருந்து எடுக்கேல்லை. அவனுக்கு எத்தினை குக்கர் தரப்போறியள்?"

மடம் முழுக்கச் சிரிப்பு. அப்பா பட்டியலைப் பார்த்தார். அப்பா பொதுவாக வாதாடத் தெரியாதவர். பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார்.

நான் பெண்கள் பக்கத்தில், தூணோரமாக இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் முழங்கையைப் பிடித்தார். பிடித்த கையை மெதுவாக எடுத்து அவருடைய மடியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

"மாமா, ஒண்டு கேக்கட்டோ?"

"கேள் பிள்ளை."

"சிறுபோகத்துக்கு முதல் வாய்க்கால் வெட்டித் துப்பரவாக்கிறது ஆற்ர கடமை?"

"எங்கடைதான். வேற ஆர் வந்து வெட்டுறது?"

"அப்ப போன பயிர்ச்செய்கைக் கூட்டத்தில, முதல் துப்பரவாக்கின வாய்க்காலுக்கு முதல் தண்ணி எண்டு நீங்கள்தானே முன்மொழிஞ்சனீங்கள்? அவையின்ர கடமைக்கு ஏன் பரிசு?"

"அது... இல்லாட்டி ஒருத்தனும் மண்வெட்டி தூக்கான். மாதக்கணக்கில நாளைக்கு நாளைக்கு எண்டு நிப்பாங்கள்."

"தூக்கிச்சினமோ?"

"தூக்கினவை. பத்து நாளில எல்லா வாய்க்காலும் முடிஞ்சுது. நீதானே வந்து அளந்தனீ."

"ஓம். அதுதான் மாமா இதுவும். அங்க வாற எல்லாருக்கும் கடமை தெரியும். மண்வெட்டி தூக்கத்தான் ஏலாமல் கிடக்கு." இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால், நாளைக்கு அந்தக் கேள்வி வேறொருவர் வாயில் வரும், பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள் என்று தோன்றியது. "எனக்குத் தெரியும். அந்த நோயாளியளில ஒராள் நான். கால் முறிஞ்ச நேரம் தந்த குளிசையில பழகினனான். இந்த மடத்தில இருக்கிற பாதிப்பேரின்ர ரின்னுக்கை இருந்தும் வாங்கிப் போட்டனான்."

இரண்டு மூன்று பெண்கள் சட்டென்று தலையைக் குனிந்தார்கள். அவர்களுடைய ரின்களைத்தான் நினைத்திருப்பார்கள். அப்பா பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் வெட்கம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை.

தவராசா மாமா சால்வையை எடுத்துத் தோளை மாற்றிப் போட்டார். இருந்தார். மறுபடி எழும்பினார்.

"அண்ணை, எழுதுங்கோ. முதல் மாதம் மூண்டாம் வாய்க்கால்."

"உங்கட திருவிழா உபயத்தோட சேத்தோ?" என்றார் அப்பா.

"அது வேற, இது வேற. துப்பரவாக்கினதிலயும் நாங்கள்தான் முதல், எழுதுங்கோ."

அதன்பிறகு மற்ற வாய்க்கால்கள் போட்டி போட்டன. ஒன்பது மாதம் நிரம்பியது. பத்தாவதைக் கோயில் மாதர் சங்கம் எடுத்தது, பதினோராவதைச் சந்தி வியாபாரிகள். மார்கழி மிச்சம் இருந்தது. செவ்வாய்க்கிழமை செபமாலை அண்ணையிடம் சொன்னேன். தங்கள் தேவாலயத்தில் கேட்டுக்கொண்டு வந்தார். "மார்கழி எங்கட. நத்தார் வருது, கேக்கும் போடச் சொல்லியிருக்கிறன்."

வைத்தியர் ஒரு நிபந்தனை வைத்தார். காசு வாங்கமாட்டோம், பொருள் மட்டும்.

முதல் உபயம் வந்த வெள்ளிக்கிழமையை நான் மறக்கமாட்டேன். கிளினிக்கின் முன் ரக்டர் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து தவராசா மாமாவும் இன்னும் நாலு பேரும் இறங்கினார்கள். எல்லாரும் வேட்டி சால்வை. ஒருவர் கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, சவர்க்காரம், தேயிலை எல்லாம் அடுக்கியிருந்தது. உச்சியில் மடித்த பொன்னாடை. உபயமென்றால் அப்படித்தானே.

"மிஸி, இந்தக் கிழமை ஆர் திறமாய்ச் செய்தது? கூப்பிடுங்கோ, போர்த்திப்போட்டுப் போறம். படம் ஒண்டும் எடுக்கலாம்."

மிஸி கதவை மறித்தபடி நின்றா. "ஐயா, இஞ்ச பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை. படமும் இல்லை."

"அப்ப பொன்னாடையை என்ன செய்யிறது? கோயிலில வைச்சுக் கொண்டுவந்தது. திருப்பிக் கொண்டுபோகேலாது."

திரைக்குப் பின்னாலிருந்து செபமாலை அண்ணையின் குரல் வந்தது. "வாளிக்குப் போர்த்துங்கோ ஐயா. எங்களைப் பாக்கிறது அதுதான்."

மிஸியால் இந்த முறை சிரிப்பை அடக்க முடியவில்லை. தவராசா மாமா ஐஸ்கிறீம் வாளியை ஒரு கணம் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக அதற்குப் பொன்னாடை போர்த்தினார். அவர்கள் போனபிறகு மிஸி ஒரு துண்டு வெட்டி "பொன்னாடை" என்று எழுதி உள்ளே போட்டா. அடுத்த மாதத்திலிருந்து பொருட்கள் திங்கட்கிழமைகளில், கிளினிக் இல்லாத நாளில், பின்கதவால் வருகின்றன.

அந்தத் துண்டு செபமாலை அண்ணைக்கே விழுந்தது. அவருக்கு விழுந்த முதல் பரிசு. இப்போது வள்ளத்து இயந்திரத்துக்கு உப்புக்காற்றுப் படாமல் மூடி வைத்திருக்கிறாராம். "தொட்டால் இயந்திரம் ஓமெண்டு சொல்லுது தங்கச்சி. முந்தி அப்பிடி இல்லை."

நெடுங்கேணிப் பேச்சு அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வரவில்லை. அம்மா இரண்டு நாள் கதைக்காமல் இருந்தார். மூன்றாம் நாள் எட்டாம் வாய்க்காலில் இருந்து ஒரு அக்கா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தா. முதுகு நோவுக்கு என்று குளிசை தொடங்கியவா. கையில் ஒரு பால்மா ரின். என்னை எதிர்பார்த்து வந்தவாவை அம்மாதான் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, கிளினிக் எந்த நாட்களில், எந்த பஸ் என்று சொன்னார். "தானாய் நிப்பாட்டிப் போடாத பிள்ளை. வலிப்பு வரும். அவைதான் பாத்துக் குறைக்கவேணும்" என்று வைத்தியர் சொன்னதை அப்படியே சொன்னார். அன்று பின்னேரம் என்னோடு கதைத்தார்.

என் பன்னிரண்டு கிழமை முடிந்தது. கடைசி நாளில் பத்துத் துண்டு எடுத்தேன். ஆறு "நன்று", இரண்டு தேயிலை, ஒரு குடை, ஒரு சவர்க்காரம். குக்கர் எனக்கு விழவேயில்லை.

இன்றைய நிலை இது. நான் குளிசை போட்டு ஒன்பது மாதத்துக்கு மேலாகிவிட்டது. மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக்குக்குப் போகிறேன், மழைக்குக் கால் உளைகிறது, சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கிறேன். செபமாலை அண்ணை தன் பன்னிரண்டு கிழமை முடிந்தபிறகு ஒரு தரம் தவறி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, இப்போது எட்டில் நிற்கிறார். எட்டாம் வாய்க்கால் அக்கா வாட்டில் இருந்து வந்துவிட்டா. வாளியில் பொருள் இருக்கிறது. அடுத்த மாதம் ஆறாம் வாய்க்கால், அவர்களுக்கு இருபத்திரண்டு சவர்க்காரம் என்று சொல்லியாயிற்று. மாத உபயப் பட்டியல் என் மட்டப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.